அறை வெப்பநிலையை ஏன் குறிக்கச் சொல்கிறார்கள்?

குழாய்க்குள் இருக்கும் காற்றை இசைக்கவையோடு சேர்ந்து ஒலிக்கவைத்து ஒலியின் வேகத்தை அளக்கும் காற்றுத் தம்ப ஒத்ததிர்வுச் சோதனையின் பதிவேட்டில் அட்டவணைக்கு மேலே ஒரு வரி இருக்கும்: அறை வெப்பநிலை இத்தனை டிகிரி. பலர் அதைக் கடைசியில், பக்கத்து மேசையை எட்டிப் பார்த்து நிரப்புகிறார்கள். ஒலியின் வேகத்தை அளக்க வந்த இடத்தில் தெர்மாமீட்டருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அது. பாடப்புத்தகம் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருக்கும் வெப்பமும் அலையும் கைகோக்கும் இடம் அந்த ஒரு வரிதான். அந்த வரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன் வெப்பத்தின் கணக்கைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வெப்பநிலை, வெப்ப ஆற்றல், வெப்பம் ஆகிய மூன்று சொற்களையும் பேச்சில் ஒன்றுபோலவே புழங்குகிறோம். இயற்பியலில் மூன்றும் வேறு வேறு. வெப்பநிலை என்பது ஒரு மூலக்கூறு சராசரியாக எவ்வளவு இயக்க ஆற்றலோடு ஓடுகிறது அல்லது அதிர்கிறது என்பதைக் காட்டும் எண். 20 டிகிரியில் இருக்கும் காற்றின் மூலக்கூறுகள் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, முட்டி, திரும்பிக்கொண்டிருக்கின்றன. இந்த 500 என்ற எண் பின்னால் தேவைப்படும். எல்லா மூலக்கூறுகளின் ஆற்றலையும் சேர்த்துக் கூட்டினால் வருவது வெப்ப ஆற்றல். அது பொருளின் கைவசம் உள்ள இருப்பு. வெப்பம் என்பது வரவு அல்லது செலவு: வெப்பநிலை வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஆற்றல்.

இருப்பு கூடுவதற்கு வெப்பமே வந்தாக வேண்டும் என்றும் இல்லை. உள்ளங்கைகளை அழுத்தித் தேயுங்கள், சூடேறும். வெளியிலிருந்து வெப்பம் எதுவும் வரவில்லை, தசைகள் வேலை செய்தன. பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது வெப்பம் வற்றாமல் வந்துகொண்டே இருப்பதை ரம்ஃபோர்டு 1798-இல் எழுதிவைத்தார். வெப்பம் ஒரு திரவம்போல உலோகத்துக்குள் அடைந்து கிடக்கும் சரக்கு என்றால் எப்போதாவது தீர்ந்துபோக வேண்டுமே என்பது அவர் வாதம். 1840-களில் ஜூல், விழும் எடையால் துடுப்பைச் சுழற்றித் தண்ணீரைச் சூடாக்கி, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்பதை எண்ணாகவே தந்தார். இன்றைய அலகில் ஒரு கலோரிக்கு ஏறத்தாழ 4.19 ஜூல்.

டிகிரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வேறுபாட்டைக் கணக்கிடும்போது செல்சியஸும் கெல்வினும் ஒன்றுதான். விகிதம் வந்தால், தனிச்சுழியிலிருந்து எண்ணும் கெல்வினைத் தவிர வேறு வழியில்லை; செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் வெப்பநிலை இரட்டிக்கவில்லை. 293 கெல்வின் 313 ஆகிறது, ஏற்றம் 7 சதவீதம். இந்தத் தவறு எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதைக் கதிர்வீச்சுக் கணக்கில் பார்க்கலாம். கரும்பொருள், அதாவது தன்மேல் விழும் கதிர்வீச்சு முழுவதையும் உறிஞ்சும் பொருள், வீசும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 27 டிகிரியிலிருந்து 127 டிகிரிக்குச் சூடாக்கினால், கெல்வினில் 300-க்கு 400. நான்காம் அடுக்கில் 3.16 மடங்கு. செல்சியஸை அப்படியே போட்டவருக்கு 489 மடங்கு வரும்!

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய ஆற்றல் தன்வெப்ப ஏற்புத்திறன். தண்ணீருக்கு ஏறத்தாழ 4,190 ஜூல், அலுமினியத்துக்கு 900, இரும்புக்கு 450, செம்புக்கு 385. தண்ணீர் மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை இந்த நான்கு எண்களே சொல்லும்.

இதை ஆய்வகத்தில் அளக்கும் வழி கலவை முறை. 100 கிராம் செம்புக் கலோரிமீட்டரில் (வெப்பத்தை அளக்கும் பாத்திரத்தில்) 28 டிகிரியில் 150 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் இரும்புக் குண்டுகளை நீராவியில் 100 டிகிரிக்குச் சூடாக்கி உள்ளே கொட்டிக் கலக்குகிறோம். வெப்பம் எங்கும் கசியாவிட்டால் தெர்மாமீட்டர் 36.56 டிகிரியில் போய் நிற்கும். ஏற்றம் 8.56 டிகிரி. தண்ணீர் வாங்கியது 5,380 ஜூல், செம்பு வாங்கியது 330 ஜூல், மொத்தம் 5,710. இதைக் கொடுத்தது 63.44 டிகிரி இறங்கிய 200 கிராம் இரும்பு. வகுத்துப் பார்த்தால் 450 வருகிறது.

தாளில் இவ்வளவு சுத்தமாக வருவது மேசையில் வராது. ஏன் வராது என்பதில்தான் பாடமே இருக்கிறது. கலோரிமீட்டரைக் கணக்கில் சேர்க்க மறந்தால் அந்த 330 ஜூல் காணாமல்போய் விடை 424-க்கு இறங்கும். குண்டுகளோடு ஒட்டிக்கொண்டு ஒரு கிராம் வெந்நீர் உள்ளே விழுந்தால், அது தன் பங்குக்கு 266 ஜூலைக் கொட்டும். விடை ஏறக்குறைய 5 சதவீதம் மேலே போகும். ஒரு கிராம் என்பது சில சொட்டுகள்தான்! அதனால்தான் குண்டுகளைத் தண்ணீரில் கொதிக்கவிடாமல், நீராவி சூழ்ந்த உலர்ந்த குழாயில் வைத்துச் சூடாக்கச் சொல்கிறார்கள். கொண்டுவந்து கொட்டும் நேரத்தில் குண்டுகள் 95 டிகிரிக்கு ஆறிவிட்டால் விடை சுமார் 8 சதவீதம் குறையும். சூடேற்றியைக் கலோரிமீட்டருக்குப் பக்கத்திலேயே, ஆனால் நடுவில் ஒரு மறைப்புப் பலகையோடு வைப்பது இதற்காகத்தான்.

கலக்கியபின் சுற்றுப்புறத்துக்குப் போகும் வெப்பத்துக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. எதிர்பார்க்கும் ஏற்றம் 8 டிகிரி என்றால், தண்ணீரை அறை வெப்பநிலைக்கு 4 டிகிரி கீழே தொடங்குங்கள். முதல் பாதியில் அறை தண்ணீருக்குக் கொஞ்சம் கொடுக்கும், பின்பாதியில் வாங்கிக்கொள்ளும். இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடும். ரொம்பவும் குளிர்வித்துவிடக் கூடாது. பாத்திரத்தின் வெளிச்சுவரில் ஈரம் படிந்தால் அந்த ஈரம் படியும்போதே உள்ளுறை வெப்பத்தைக் கொடுத்துவிடும், கணக்கு வேறு பக்கமாகக் கெடும்.

உள்ளுறை வெப்பம் என்ற சொல்லே மாணவர்களைக் குழப்புகிறது. 1760-களில் ஜோசப் பிளாக் கவனித்தது எளிய விஷயம்: உருகும் பனிக்கட்டி வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது, தெர்மாமீட்டரோ அசையவில்லை. வாங்கிய ஆற்றல் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டாமல், அவற்றைக் கட்டிவைத்திருந்த பிணைப்பைத் தளர்த்தப் போய்விடுகிறது. எண்களைப் போட்டுப் பார்த்தால் இது மனதில் நிற்கும். மைனஸ் 10 டிகிரியில் 100 கிராம் பனிக்கட்டி, 500 வாட் ஹீட்டர், வெப்ப இழப்பு இல்லை என்று கொள்ளுங்கள். 0 டிகிரியைத் தொட 4 நொடி. முழுதும் உருக 67 நொடி. அங்கிருந்து 100 டிகிரிக்குப் போக 84 நொடி. அதன்பின் கடைசிச் சொட்டும் ஆவியாக ஏழரை நிமிடம்! கொதிக்கும் தண்ணீரின் கீழ் தீயைக் கூட்டினால் அது இன்னும் சூடாகாது, சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். கொதிநீரைவிட நீராவி மோசமாகச் சுடுவதும் இதே கணக்கு. 100 டிகிரித் தண்ணீர் ஒரு கிராம் தோலில் பட்டு 37 டிகிரிக்கு ஆறும்போது 264 ஜூல் தருகிறது. ஒரு கிராம் நீராவி முதலில் தண்ணீராக மாறவே 2,260 ஜூலைத் தந்துவிட்டு, அதன்பிறகு அந்த 264-ஐயும் தருகிறது.

வெப்பம் பரவும் மூன்று வழிகளில் கடத்தலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரே அறையில் நெடுநேரம் கிடந்த உலோகத் தட்டும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. தொட்டால் உலோகம் சில்லென்று இருக்கிறது, ஏனென்றால் விரலின் வெப்பத்தை அது வேகமாக இழுத்துக்கொள்கிறது. நம்பாதவர்கள் இரண்டின் மேலும் ஒரே அளவான பனிக்கட்டியை வைத்துப் பாருங்கள். 'சில்லென்ற' உலோகத்தின் மேல்தான் முதலில் உருகும். தோல் தெர்மாமீட்டர் அல்ல, வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை உணரும் கருவி. சலனத்தில் சூடான பாய்மமே, அதாவது திரவமோ வாயுவோ, இடம்பெயர்கிறது. கதிர்வீச்சுக்கு நடுவில் பொருளே வேண்டாம், அது மின்காந்த அலை. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த நிறமாலையில் சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் தெர்மாமீட்டர் ஏறுவதைக் கண்டார். 300 கெல்வினில் உள்ள ஒரு சுவர் இந்த நொடியிலும் அப்படித்தான் வீசிக்கொண்டிருக்கிறது, வீச்சின் உச்சம் ஏறத்தாழ 9.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில்.

ஆக, அலை. அலையில் ஆற்றல் போகிறது, ஊடகம் போவதில்லை. ஒலி வரும்போது காற்றின் ஒவ்வொரு துணுக்கும் தன் இடத்திலேயே கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடுகிறது. நெருக்கமும் நெகிழ்வுமாக அந்த ஆட்டம் மட்டும் கைமாறிப் போகிறது. பாடப்புத்தகத்தில் ஒலியை மேடுபள்ளமாக வரைவதால் பலர் காற்று மேலும் கீழும் ஆடுவதாக நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கோடு அழுத்தத்தின் வரைபடம், காற்றின் படம் அல்ல. வரைபடம் பார்க்கும்போது கிடை அச்சில் தூரமா நேரமா என்பதை முதலில் படியுங்கள். தூரம் என்றால் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு அலைநீளம். நேரம் என்றால் அதே இடைவெளி அலைவுநேரம். பாதிப் பிழைகள் இந்த ஒரு பார்வையில் தீர்ந்துவிடும்.

இந்த நெருக்கமும் நெகிழ்வும் எவ்வளவு வேகமாகப் போகும்? முதலில் கணக்கிட்டவர் நியூட்டன், 1687-இல். அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய விடை. இன்றைய எண்களைப் போடுங்கள்: 0 டிகிரியில் அழுத்தம் 1,01,325 பாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 1.293 கிலோ. விடை நொடிக்கு 280 மீட்டர். அளந்தால் 331. ஐம்பது மீட்டருக்கு மேல் இடிக்கிறது. நியூட்டனுக்கும் இந்த இடைவெளி தெரிந்திருந்தது. காற்றுத் துகள்களின் பருமன், காற்றில் கலந்த ஆவி என்று காரணங்கள் சொல்லி அடைக்கப் பார்த்தார். அவை சரியான காரணங்கள் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஓட்டை அப்படியே இருந்தது.

அடைத்தவர் லாப்லாஸ். 1816-இல் அவர் வெளியிட்ட விடை வெப்பத்தைப் பற்றியது. காற்றை நெருக்கினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். நியூட்டனின் கணக்கு, நெருக்கத்திலும் நெகிழ்விலும் வெப்பநிலை மாறுவதில்லை என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டது. உண்மையில் நெருங்கும் காற்று சூடாகிறது, அந்தச் சூடு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. சூடான காற்று கூடுதல் அழுத்தத்தோடு எதிர்த்துத் தள்ளும், அதனால் அலை வேகமாகப் போகும். அழுத்தத்தை 1.4-ஆல் பெருக்க வேண்டும், 1.4 என்பது காற்றின் இரண்டு தன்வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம்: அழுத்தம் மாறாமல் சூடாக்கும்போது ஒன்று, கனஅளவு மாறாமல் சூடாக்கும்போது மற்றொன்று. அதன் வர்க்கமூலம் 1.183. 280-ஐ அதனால் பெருக்கினால் 331. வெப்ப அத்தியாயத்தில் அளந்த ஒரு எண், ஒலி அத்தியாயத்தின் கணக்கை முடித்துவைக்கிறது.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பல புத்தகங்கள் பாதியில் விட்டுவிடுகின்றன. 'ஒலி அதிர்வு மிக வேகமானது, அதனால் வெப்பம் பரவ நேரமில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியானால் தாழ்ந்த சுருதி ஒலியில் அதிர்வு மெதுவானதுதானே, அங்கே நியூட்டன் சரியாகிவிடுவாரா? மாட்டார். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். நெருக்கத்தின் சூடு பக்கத்து நெகிழ்வுக்குப் போக அதில் பாதி, 34 சென்டிமீட்டர், கடக்க வேண்டும். அசையாத காற்றில் கடத்தலால் மட்டும் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கிடைப்பதோ ஆயிரத்தில் ஒரு நொடி. அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் கிடைக்கும் நேரம் இரட்டிக்கும். அலைநீளமும் இரட்டிப்பதால் தேவைப்படும் நேரம் நான்கு மடங்காகும். சுருதி தாழத் தாழ லாப்லாஸ் இன்னும் சரியாகிறார். வேகம் மட்டும் காரணமில்லை, தூரமும் சேர்ந்துதான்.

அந்தச் சூடு எவ்வளவு என்று தெரிந்தால் வியப்பு கூடும். சாதாரணப் பேச்சொலியில் அழுத்த ஏற்றம் 0.02 பாஸ்கல் அளவு. அதோடு வரும் வெப்பநிலை ஏற்றம் ஒரு டிகிரியின் லட்சத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சிறிய சூடா வேகத்தை ஐம்பது மீட்டர் கூட்டுகிறது என்று தோன்றும். அழுத்த ஏற்றமும் அதே அளவுக்குச் சிறியது என்பதை மறக்கக் கூடாது. அலையின் வேகத்தை முடிவுசெய்வது இரண்டுக்கும் உள்ள விகிதம், ஒலி பெரிதா சிறிதா என்பதல்ல.

இப்போது அந்த 500-க்குத் திரும்புவோம். அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது வெப்பநிலையை மட்டுமே பொறுத்த ஒரு எண். வெப்பநிலை மாறாமல் காற்றை அமுக்கினால் இரண்டும் சேர்ந்தே கூடும், விகிதம் மாறாது. அதனால்தான் காற்றழுத்தம் ஒலியின் வேகத்தை மாற்றுவதில்லை, வெப்பநிலை மாற்றுகிறது. காற்றில் ஒலியின் வேகம் மூலக்கூறுகளின் வேகத்தில் 0.683 பங்கு என்று கணக்கு காட்டுகிறது. 20 டிகிரியில் 502-ஐ 0.683-ஆல் பெருக்கினால் 343. செய்தியைச் சுமந்து ஓடுவது மூலக்கூறுகள்தான். ஓடுபவரைவிடச் செய்தி முந்திப்போக முடியாது. வெப்பநிலை கூடினால் அவை வேகமாக ஓடும், ஒலியும் டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஈரக்காற்றில் கனமான நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளில் சிலவற்றின் இடத்தில் எடை குறைந்த நீர் மூலக்கூறு இருப்பதால் அங்கும் வேகம் கொஞ்சம் கூடும்.

சோதனைக்கு வருவோம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, தண்ணீர் நிரப்பிய 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், 25 டிகிரி. கவையை ரப்பர் அட்டையில் தட்டுங்கள். மேசை விளிம்பில் அடித்தால் மேற்சுரங்கள் கிளம்பிக் காதைக் குழப்பும். கவை குழாயின் வாய்க்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, தொடாமல், அதன் கிளைகள் மேலும் கீழும் அதிரும்படி பிடிக்க வேண்டும். நீர்மட்டத்தை மெதுவாக இறக்கினால், அது வாயிலிருந்து ஏறக்குறைய 16.0 சென்டிமீட்டரில் இருக்கும்போது ஒலி பொங்கி எழும். அந்த இடத்தைக் கடந்துபோய்த் திரும்ப ஏறி வந்தும் ஒருமுறை குறித்து, இரண்டின் சராசரியை எடுங்கள். அடுத்த பொங்கல் 49.8-இல். இரண்டின் வித்தியாசம் 33.8 சென்டிமீட்டர், அது அரை அலைநீளம். வேகம் என்பது அலைநீளம் பெருக்கல் அதிர்வெண்: இரண்டு பெருக்கல் 512 பெருக்கல் 0.338, அதாவது 346.

முதல் நீளத்தை மட்டும் வைத்து, அதைக் கால் அலைநீளம் என்று கொண்டு நான்காலும் 512-ஆலும் பெருக்கியவருக்கு 328 வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. புத்தகத்தில் உள்ள 331-க்கு அது பக்கத்தில் இருப்பதால் 'சரியாகத்தான் வந்திருக்கிறது' என்று எழுதிவிடுவார்கள். 331 என்பது 0 டிகிரிக்கு உரியது, இந்த அறைக்கு அல்ல. குறைந்ததற்குக் காரணம் முனைத்திருத்தம்: காற்று மிக அதிகமாக ஆடும் இடமான எதிர்க்கணு குழாயின் வாயில் இல்லாமல், விட்டத்தில் 0.3 பங்கு, இங்கே 0.9 சென்டிமீட்டர், வெளியே நிற்கிறது. இரண்டு நீளங்களைக் கழிக்கும்போது அது தானாகவே அடிபட்டுப்போகும். ஒரே ஒரு ஒத்ததிர்வோடு எழுந்து போகாதீர்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இனி அந்த முதல் வரி. நீளங்களின் வித்தியாசத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடை ஒரு மீட்டர் மாறும். அறை வெப்பநிலையை 5 டிகிரி தவறாக எழுதினால், ஒப்பிட வேண்டிய வேகமே 3 மீட்டர் தள்ளிப்போகும். அளவுகோலை அவ்வளவு கவனமாகப் படித்துவிட்டு தெர்மாமீட்டரைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்து எழுதுவது, மூன்று மில்லிமீட்டரை ஊகத்தில் போடுவதற்குச் சமம். உண்மையில் வேண்டியது அறையின் வெப்பநிலைகூட இல்லை, குழாய்க்குள் இருக்கும் காற்றினுடையது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றியிருந்தால் உள்ளிருக்கும் காற்றும் குளிர்ந்திருக்கும். தண்ணீர் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள், அல்லது தெர்மாமீட்டரைக் குழாய்க்குள் இறக்கிப் படியுங்கள். 0 டிகிரிக்கு மாற்ற, 346-ஐ 273-க்கும் 298-க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 331 வந்து நிற்கும்.

வெப்பநிலை ஏறினால் மாறுவது அலைநீளமா, அதிர்வெண்ணா? யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கே அதிர்வெண்ணைக் கவை பிடித்து வைத்திருப்பதால் அலைநீளம் நீள்கிறது. ஊதுகருவியில் குழாயின் நீளம் அலைநீளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் சுருதி ஏறுகிறது. உள்ளிருக்கும் காற்று 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடானால் 1.7 சதவீதம் ஏறும். பழகிய காதுக்கு அது நன்றாகவே கேட்கும்.

எதிர்த்திசையில், அலை சூடாக மாறுவதையும் அளக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் உள்ளே சுவர்களில் பட்டுத் திரும்பி, குழாயில் ஒலி நிற்பதுபோல நிலை அலையாக நிற்கிறது. சுழலும் தட்டை எடுத்துவிடுங்கள்; நடுவில் உள்ள அச்சு சுழன்றாலும் மேலே வைப்பது அசையாதபடி ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் அகலமான சாக்லேட் பட்டையை வைத்து 20 நொடி மட்டும் ஓட்டுங்கள். சில இடங்கள் மட்டும் இளகியிருக்கும். அடுத்தடுத்த இளகல்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஏறக்குறைய 6.1 சென்டிமீட்டர், அது அரை அலைநீளம். அடுப்பின் முதுகில் உள்ள அதிர்வெண் பெரும்பாலும் 245 கோடி ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 0.122 மீட்டரை அதனால் பெருக்கினால் நொடிக்கு 29.9 கோடி மீட்டர், ஒளியின் வேகம். உள்ளே அலைகள் மூன்று திசைகளிலும் பட்டுத் திரும்புவதால் எல்லா இடைவெளியும் 6.1 ஆக இருக்காது. நாலைந்து ஜோடிகளை அளந்து, திரும்பத் திரும்ப வரும் இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிக நேரம் ஓட்டினால் இளகிய இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அளக்க ஒன்றும் மிஞ்சாது. சேர்த்து வைப்பது வேறொன்றுமில்லை, சாக்லேட்டுக்குள்ளேயே நடக்கும் வெப்பக் கடத்தல்தான்.